சுண்டுவிரல் சொன்ன ‘காலி’

நான் வாரம் ஒருமுறை போய்வரும் துப்பாக்கிச் சுடும் சங்கத்தில் அண்மையில் ஒரு புதிய விதி வந்திருக்கிறது. சுட்டு முடித்தவர் துப்பாக்கியைத் திறந்து காட்டினால் மட்டும் போதாது. குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கயிறு ஒன்றை நுழைத்து, இரண்டு பக்கமும் அது வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் துப்பாக்கியோடு இடத்தை விட்டு நகரலாம்.

உறுப்பினர்களுக்கு எரிச்சல். கோப்பி மேசையில், ஈசூனிலிருந்து வரும் ஒரு பல் மருத்துவர், “மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி இருக்கு லா,” என்றார். பக்கத்தில் இருந்தவர் தன் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். “நான் இத்தன வருஷமா இத உள்ள விட்டுத்தான் பாக்குறேன். என் விரல விட இந்தக் கயிறு பெரிய ஆளா?” எல்லாரும் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, “அங்கிள், நீங்க அந்தக் காலத்து ஆர்மரர். நீங்களே சொல்லுங்க,” என்றார்.

நான் கோப்பியை முடித்துவிட்டு எழுந்துகொண்டேன். அந்தச் சுண்டுவிரலின் கதை ஒரு கோப்பி நேரத்தில் முடியாது. எழுதினால் வரிசையாகச் சொல்ல முடியும் என்று தோன்றியது.

ஆர்மரர் என்றால் துப்பாக்கி செப்பனிடுபவர். நான் அந்தத் தொழில் கற்ற கதை சிறியது. தொழிற்பள்ளியில் லேத் வேலை படித்தேன். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியில் ஆயுதப் பட்டறைக்கு அனுப்பினார்கள். துருவைச் சுரண்டுவதிலும் எண்ணெய் பூசுவதிலும் அந்தக் காலம் போயிற்று. வெளியே வந்ததும் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் வேலை கிடைத்தது. பழைய கடைவீடு. ஒரு பக்கம் மாவு மில், மறுபக்கம் நகைப் பட்டறை. பெயர்ப்பலகையில் ‘இயந்திர உதிரிப்பாகங்கள்’ என்று மட்டும் எழுதியிருக்கும். உள்ளே இரண்டு இரும்புக் கதவுகளைத் தாண்டிய பிறகுதான் துப்பாக்கிகள். உரிமம் முதலாளியான ஆங் என்ற சீனருடையது. வேலை செய்தவர்கள் மூன்று பேர்: தலைமை ஆர்மரர் துரைசிங்கம், கிடங்கையும் வண்டியையும் பார்த்துக்கொண்ட கருப்பையா அண்ணன், லேத்தில் நான்.

பிரிட்டிஷ் ராணுவம் விட்டுப்போன பழைய போல்ட் துப்பாக்கிகளைச் சிறிய தோட்டாவுக்கு மாற்றுவதுதான் எங்கள் வேலை. த்ரீ-நாட்-த்ரீ என்று அவற்றைச் சொல்வோம். அதன் தோட்டா ஆள்காட்டி விரல் நீளம். சுட்டால் தோள் கன்றிப்போகும். குண்டு மிக நெடுந்தூரம் பறக்கும். திரும்பிய பக்கமெல்லாம் அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தீவில் அதைச் சுட இடம் குறைந்துகொண்டே வந்தது. பள்ளி மாணவர் படைகளுக்கும் சங்கங்களுக்கும் வேண்டியிருந்தது அதே கனமும் அதே பிடியும் கொண்ட, ஆனால் சிறிய தோட்டாவைச் சுடும் துப்பாக்கி. பழைய குழலுக்குள் சன்னமான புதுக் குழல் ஒன்றை இறுக்கி, குழலின் பின்வாயைத் திறந்து மூடும் போல்ட் என்ற தண்டின் முகப்பை மாற்றி, குறிகாட்டியைத் திருத்தி அனுப்புவோம். அந்தச் சிறிய தோட்டாவுக்கு டூ-டூ என்று பெயர். ஓர் ஈர்க்குச் சம்பா நெல்லைப் பெரிதாக்கி வைத்ததுபோல இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது.

துரைசிங்கத்தின் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்தவர். மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. எண்ணெய்ப் பட்டறைக்கு அவர் வெள்ளைச் சட்டையில்தான் வருவார். முழுக்கையை மடித்துவிட மாட்டார். மாலையில் அந்தச் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய்கூட இருக்காது. குரலை உயர்த்த மாட்டார். இளையவர்களையும் ‘நீர்’ என்றுதான் அழைப்பார். தவறு செய்தவனைத் திட்ட மாட்டார். செய்ததை அப்படியே தன் முன்னால் மறுபடி செய்துகாட்டச் சொல்வார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் ஒரு துப்பாக்கியை என் கையில் கொடுத்தார்.

“காலியோ?”

“காலி சார்.”

“எப்படித் தெரியும்?”

“நீங்க பாத்துட்டுத்தானே சார் குடுத்தீங்க.”

“நான் சொன்னால் அது செய்தி. உம்மட விரல் சொன்னால்தான் உண்மை. போல்ட்டைத் திறவும். சுண்டுவிரலை உள்ளே விடும்.”

விட்டேன். தோட்டா அமரும் அறைக்குள் விரல் முதல் கணு வரை போய்க் குளிர்ந்த இரும்பைத் தொட்டது. உள்ளே தோட்டா இருந்தால் விரல் வாசலிலேயே முட்டி நின்றுவிடும். இதில் ஏமாற வழியே இல்லை. துரைசிங்கம் இளம் வயதில் ராணுவக் கிடங்குகளில், மங்கலான ஒற்றை விளக்கில் வேலை செய்து பழகியவர். அந்த இருட்டில் கண்ணை நம்பாமல் விரலை நம்பியதால்தான் தான் உயிரோடு இருப்பதாகச் சொல்வார். எங்கள் பட்டறையில் ஒரு துப்பாக்கி கைமாறும்போதெல்லாம் வாங்குபவர் போல்ட்டைத் திறந்து, விரலை விட்டு, ‘காலி’ என்று வாயால் சொல்ல வேண்டும். எங்களிடமிருந்து துப்பாக்கி வாங்கிய சுடுதளத்தாரும் பள்ளிக் கிடங்குக்காரர்களும்கூட அவரிடமிருந்து இந்த வழக்கத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

துப்பாக்கியைச் சிறிய தோட்டாவுக்கு மாற்றிய பிறகும் வழக்கம் மாறவில்லை. ஆனால் இப்போது விரல் போக அங்கே இடமில்லை. பழைய அகலமான அறையை அடைத்து நிற்கும் இரும்புச் சுவரில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை மட்டும்தான். சுண்டுவிரல் அந்தச் சுவரைத் தடவிப் பார்க்கும். மழமழவென்று இருந்தால் காலி. தோட்டா இருந்தால் அதன் விளிம்பு மேடாகத் தட்டுப்படும் என்பது எங்கள் எண்ணம்.

அந்த விளிம்பு பதிந்து உட்காருவதற்காகத் துளையைச் சுற்றி ஒரு மெல்லிய பள்ளம் வெட்டுவோம். அது என் வேலை. துரைசிங்கம் லென்ஸ் வைத்து அதைப் பார்ப்பார். பள்ளம் எவ்வளவு நேர்த்தியாக அமைகிறதோ அவ்வளவுக்குத் தோட்டாவின் அடி சுவரோடு சமமாகிவிடும். நல்ல வேலை என்று அவர் தலையசைத்த ஒவ்வொரு துப்பாக்கியிலும் விரலுக்குத் தட்டுப்பட எதுவும் இருந்திருக்காது. இது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு பரிசோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விசை எவ்வளவு பாரத்தில் விடுபடுகிறது என்று பார்க்கத் துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் எடைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிடுவார் துரைசிங்கம். போதுமான பாரம் சேர்ந்ததும் ‘டக்’ என்று விடுபடும். அப்போது துப்பாக்கியின் வாய் நேராகக் கூரையைப் பார்த்திருக்கும். கூரை என்பது மேல்மாடியின் பலகைத் தரை. அந்த மேல்மாடியில் கருப்பையா அண்ணனும் அவர் மனைவி சரோஜாவும் குடியிருந்தார்கள். சரோஜா அண்ணி ரவிக்கை தைப்பவர். அவருடைய கால்மிதித் தையல் இயந்திரம் எங்கள் தலைக்கு மேல் நாள் முழுவதும் தடதடத்துக்கொண்டிருக்கும். அது நின்றால் துரைசிங்கம் நிமிர்ந்து பார்த்து, அண்ணியைக் குறித்து, “பிள்ளைக்கு நூல் அறுந்திட்டுது,” என்பார். சிறிது நேரத்தில் மறுபடி ஓடத் தொடங்கும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். மில்லில் முறுக்கு மாவு அரைக்க வரிசை நின்றது. சரோஜா அண்ணி காலையிலிருந்து தையல் இயந்திரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. கருப்பையா அண்ணன் புதிதாக மாற்றிய ஒரு தொகுதித் துப்பாக்கிகளைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோய், அங்குள்ள அதிகாரி சுட்டுப்பார்த்த பிறகு மதியம் திரும்பினார். சரியாக இருந்தவற்றை அங்கிருந்தே மேற்கே கிளமெண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்குச் சேர்த்துவிட்டார். மாலையில் அங்கே மாணவர் படை அணிவகுப்பு. விசை இறுக்கமாக இருப்பதாகச் சொல்லப்பட்ட மூன்று நான்கு துப்பாக்கிகள் மட்டும் எங்களிடம் திரும்பி வந்தன.

கருப்பையா அண்ணன் வண்டியிலிருந்து இறக்கும்போது விரல் விட்டார். “காலி.” நான் வாங்கும்போது விட்டேன். “காலி.” துரைசிங்கம் மேசையில் வாங்கும்போது விட்டார். “காலி.” அதற்கு முன் சுடுதள அதிகாரியும் விட்டிருந்தார்.

துரைசிங்கம் துப்பாக்கியை நிறுத்தினார். போல்ட்டை மூடினார். எடையைத் தொங்கவிட்டார். இன்னொன்று. இன்னொன்று.

சத்தம் பெரிதாக இல்லை. கனமான பலகையைச் சிமெண்டுத் தரையில் தட்டியதுபோல ஒரே ஓர் அறை. கூரையிலிருந்து மரத்தூள் துரைசிங்கத்தின் வெள்ளைச் சட்டைத் தோளில் உதிர்ந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். பிறகுதான் காதுக்கு உறைத்தது. மேலே தையல் இயந்திரம் நின்றுவிட்டிருந்தது.

கருப்பையா அண்ணன் இரும்பு அலமாரிக்கு அருகில் நின்றார். அவருடைய முகம் கூரையை நோக்கித் திரும்பியது. “சரோ,” என்றார். சாதாரணமாகக் கூப்பிடும் குரலில்தான். பதில் இல்லை. “ஏய், சரோ!”

“ஒருத்தரும் அசையாதேங்கோ,” என்றார் துரைசிங்கம்.

வெடித்த துப்பாக்கியைத் திறந்து காலி செய்யும்வரை பட்டறையில் யாரும் நகரக் கூடாது. அது அவர் வைத்த விதி. கருப்பையா அண்ணன் நகரவில்லை. மேலே அவர் மனைவி இருந்தார். மாடிப்படி வெளியே, ஐந்தடி நடைபாதையில். ஓடினால் சில நொடிதான். ஆனாலும் அவருடைய பாதங்கள் தரையை விட்டு எழவில்லை. எத்தனை ஆண்டுப் பழக்கம் ஒரு மனிதனை அப்படிக் கட்டிப்போடும் என்பதை நான் அன்று பார்த்தேன்.

துரைசிங்கம் துப்பாக்கியைக் கிடத்திப் போல்ட்டைத் திறந்தார். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு துள்ளி வெளியே வந்திருக்க வேண்டும். எதுவும் வரவில்லை. அவருடைய சுண்டுவிரல் தானாக உள்ளே போனது. தடவியது. “கா…” என்று அவர் வாய் தொடங்கியது.

பாதிச் சொல்லில் நின்றார். விரலை வெளியே எடுத்து, அது யாருடைய விரலோ என்பதுபோலப் பார்த்தார். அந்தத் துப்பாக்கி இப்போதுதான் வெடித்தது. கூடு உள்ளேதான் இருந்தாக வேண்டும். விரலோ அது காலி என்கிறது.

“கருப்பையா, போங்கோ,” என்றார்.

அண்ணன் ஓடினார். மரப்படியில் அவர் ஏறும் சத்தம் கேட்டது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதையோ எதிர்பார்த்து, எதையும் எதிர்பார்க்கப் பயந்து. பிறகு ஓர் அழுகைக் குரல் வந்தது. ஆணின் அழுகை. அடுத்த கணம் அதற்கு மேலாக ஒரு பெண் குரல் ஓங்கி எழுந்தது.

“நீங்க ஏன் அழுவுறீங்க? சுட்டது உங்களத்தான்னு நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன்! கூப்புட்டா வாய் வரல எனக்கு! படுபாவி, பதில் வரலன்னா மேல வர மாட்டீங்களா?”

குண்டு பலகைக்கு அடியிலிருந்த உத்தரத்தில் புதைந்து நின்றுவிட்டது. சத்தம் கேட்டதும் சரோஜா அண்ணி சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தியிருக்கிறார். கீழே யார் செத்தது என்று கேட்பதற்குத்தான் அவருக்குக் குரல் எழவில்லை.

கீழே துரைசிங்கம் டார்ச்சை அடித்துக் குழலின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். புகை படிந்த இரும்புச் சுவர். கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தபோதுதான் அதில் மயிரிழை போல ஒரு வட்டக் கோடு தெரிந்தது. தோட்டாவின் அடி. சுவரோடு சுவராக.

“கொக்கி விளிம்பைப் பிடிக்கேல்லை,” என்றார். தோட்டாவைக் கவ்வி வெளியே இழுக்க வேண்டிய சிறு கொக்கி நழுவியிருக்கிறது. சுடுதள அதிகாரி விசையை இழுத்திருக்கிறார், வெடிக்கவில்லை. போல்ட்டைத் திறந்தார், எதுவும் வரவில்லை. விரலை விட்டார், காலி. தோட்டா போட மறந்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். விசை இறுக்கம் என்று புகார் எழுதியிருக்கிறார். அந்தத் தோட்டா நான்கு பேருடைய விரலைத் தாண்டி எங்கள் மேசைக்கு வந்திருக்கிறது.

எல்லாத் துப்பாக்கிகளுக்கும் அதே வகைக் கொக்கிதான் போட்டிருந்தோம். துரைசிங்கம் என்னைப் பார்த்தார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் அதே சுடுதளத்திலிருந்து, அதே விரல்களால் காலி என்று சொல்லப்பட்டு, ஒரு வண்டித் துப்பாக்கிகள் பள்ளிக்குப் போயிருந்தன. அணிவகுப்பில் பிள்ளைகள் விசையை அழுத்திக் காட்டுவார்கள். அதற்கு முன்பே, காத்திருக்கும் நேரத்தில், பிள்ளைகள் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

முதலாளி ஆங் முன்னறையிலிருந்து ஓடி வந்தார். கூரையைப் பார்த்தார். துரைசிங்கம் தொலைபேசியை எடுப்பதைக் கண்டதும் அதன் மேல் கையை வைத்தார். முதலில் வழக்கறிஞரிடம் பேசலாம், நம் வாயாலேயே சொன்னால் உரிமம் இன்றோடு போகும் என்று மலாயில் கெஞ்சினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். துப்பாக்கி விஷயத்தில் இந்த ஊர்ச் சட்டம் எவ்வளவு கடுமையானது என்று தெரிந்த யாருக்கும் அந்த நடுக்கம் வரும். எனக்கும் வந்தது. துரைசிங்கம் அவருடைய கையை மெல்ல எடுத்து அப்பால் வைத்துவிட்டுப் பள்ளியின் எண்ணைச் சுழற்றினார். முதலில் போலீசைக் கூப்பிட்டால் அவர்கள் வந்து எல்லாவற்றையும் பூட்டி, விசாரித்து, அதன் பிறகே பள்ளிக்குச் செய்தி போகும் என்று அவர் கணக்கிட்டதாகப் பிற்பாடு சொன்னார்.

எடுத்தவர் பள்ளியின் ஆயுதக் கிடங்குக்காரர் கோபால். எனக்கும் பழக்கமானவர், வேடிக்கையான ஆள். துரைசிங்கம் ரிசீவரைக் காதிலிருந்து சற்று தள்ளிப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது.

“கோபால், துவக்கெல்லாம் எங்கை?”

“ரேக்குல சார். இன்னும் அரை மணி நேரத்துல குடுக்கணும்.”

“ஒண்டையும் வெளியாலை குடுக்காதேயும். ஒவ்வொண்டாய் எடுத்து, போல்ட்டைக் கழற்றிப்போட்டு, துடைக்கிற கம்பியை வாய்ப் பக்கமிருந்து விட்டுப் பாரும். கம்பி மற்றப் பக்கத்தாலை வரவேணும்.”

“என்ன சார் விளையாடுறீங்க? எல்லாம் காலி லா. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி விரல் விட்டுப் பாத்தாச்சு.”

“நான் சொல்லித் தந்தது பிழை, கோபால்.”

அந்தச் சொற்களை அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. மறுமுனையில் ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் வந்தது.

அடுத்துக் கேட்டதெல்லாம் தூரத்துச் சத்தங்கள். போல்ட் கழலும் ஓசை. இரும்புக்குள் இரும்பு சறுக்கும் ஓசை. “ஓகே சார்!” என்று கோபாலின் கூவல். மறுபடி போல்ட். மறுபடி கம்பி. “ஓகே சார்!” நடுவில் வெளியே எங்கோ ஒரு விசில், பிள்ளைகளின் பூட்ஸ் சத்தம். கருப்பையா அண்ணனும் அண்ணியும் இறங்கி வந்து இரும்புக் கதவுக்கு அப்பால் நின்றார்கள். அண்ணியின் கழுத்தில் அளவுநாடா தொங்கியது. “என்ன ஆச்சு?” என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அந்த ‘ஓகே’ மட்டும் வேண்டியிருந்தது.

ஒரு தடவை அது வரவில்லை.

கோபால் ரிசீவரை எடுத்தார். குரல் தாழ்ந்திருந்தது. “சார். இது முழுசா போகல. கடைசியில வந்து நிக்குது.”

“கம்பியை எடும்.”

“துணி கிணி சிக்கியிருக்கும் சார். போல்ட்ட போட்டு ஒரு தட்டு தட்டிடவா?”

“போல்ட்டைத் தொடாதை!”

அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரே முறைதான். ‘நீர்’ போய் ‘நீ’ வந்திருந்தது. அந்தக் கத்தலோடு மறுமுனையில் ஓர் உலோகச் சத்தம் கணீரென்று விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை.

“கோபால்?”

ஒன்றுமில்லை.

“கோபால்! கேக்குதோ?”

சரோஜா அண்ணி கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இருக்கேன் சார்,” என்றது குரல். மூச்சு வாங்கியது. “நீங்க கத்துனதுல கையில இருந்த கம்பி விழுந்துருச்சு. காலு மேல.”

யாரும் சிரிக்கவில்லை. துரைசிங்கம் பழைய குரலுக்குத் திரும்பி, நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். தீயணைக்க வைத்திருக்கும் மணல் வாளியை இழுத்துக்கொள்ளும். துப்பாக்கியின் வாயை மணலுக்குள் வையும். போல்ட்டை உமது சட்டைப் பையில் போடும். வெளியே போய்க் கதவைப் பூட்டும். சாவியை யார் கேட்டாலும் கொடாதேயும். நான் வாறன்.

அதன் பிறகுதான் போலீசுக்குத் தொலைபேசினார்.

பிற்பாடு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பட்டறை அன்று மாலையே முத்திரை வைக்கப்பட்டது, மறுபடி திறக்கவில்லை. நாங்கள் மாற்றிக் கொடுத்த துப்பாக்கிகள் எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்துக் கம்பி விட்டுப் பார்த்தார்கள். வேறெதிலும் தோட்டா இல்லை. விசாரணை நீண்டது. தானே முன்வந்து சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு துரைசிங்கத்தை எச்சரித்து விட்டார்கள். அவர் அதற்குப் பின் துப்பாக்கியைத் தொடவில்லை. ஒரு கப்பல் நிறுவனத்தில் கிடங்கு எழுத்தராகப் போனார். கருப்பையா அண்ணனும் அண்ணியும் அந்த மாடியைக் காலி செய்து ஈசூனுக்குக் குடிபோனார்கள். நான் வேறோர் ஆயுதப் பட்டறையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை கம்பி விடாமல் எந்தத் துப்பாக்கியையும் வாங்கவில்லை. இதெல்லாம் பிறகு.

அன்று, வந்த போலீஸ் அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, துரைசிங்கத்தையும் என்னையும் ஒரு போலீஸ்காரருடன் பள்ளிக்கு அனுப்பினார். புக்கிட் தீமா சாலையில் மழை. துரைசிங்கம் வழியெல்லாம் வலது கையின் சுண்டுவிரலை இடது கைக்குள் பொத்தி வைத்திருந்தார். அதை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நாங்கள் போனபோது கூரையிட்ட கூடத்தில் அணிவகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வெறுங்கையோடு நடந்தார்கள். துப்பாக்கி இருக்க வேண்டிய தோளில் எதுவும் இல்லாததால் சிலருக்குக் கையை எப்படி வைப்பதென்று தெரியவில்லை. பெற்றோர்கள் கைதட்டினார்கள். கிடங்கு பின்புறத்தில் இருந்தது. கோபால் பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையை ஒரு கையால் அழுத்திக்கொண்டிருந்தார்.

போலீஸ்காரர் வாசலில் நின்றுகொண்டார். துரைசிங்கம் உள்ளே போய், மணலிலிருந்து துப்பாக்கியை எடுத்து, மேசையில் சுவரைப் பார்க்க வைத்து, வாய்ப் பக்கமிருந்து கம்பியை மெல்லத் தள்ளினார். சிறிது எதிர்த்தது. பிறகு அந்தச் சிறிய தோட்டா பின்பக்கமாக நழுவி மேசையில் விழுந்து உருண்டது. உயிருள்ள தோட்டா. ஈயமுனை பளபளத்தது.

அவர் அதைக் கையில் எடுத்து, சட்டைப் பையிலிருந்த லென்ஸை வைத்து அதன் அடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் கொடுத்தார். இந்த வகைத் தோட்டாவில் போல்ட்டின் ஊசி விளிம்பில்தான் அடிக்கும். அடித்த இடத்தில் ஒரு சிறு தழும்பு விழும். வெடிக்காமல் போன தோட்டா என்றால் ஒரு தழும்பு இருக்க வேண்டும்.

இரண்டு இருந்தன.

“ஒண்டு காலமை சுடுதளத்திலை,” என்றார் துரைசிங்கம். கோபாலைப் பார்த்தார். “மற்றது ஆர்?”

கோபால் வாசலைப் பார்த்தார். போலீஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“காலையில வண்டி வந்ததும் விரல் விட்டுப் பாத்தேன் சார். காலி. ட்ரிகர் எப்படி இருக்குன்னு போல்ட்ட போட்டு ஒரு தடவ அழுத்துனேன். டிக்குன்னுச்சு. அவ்வளவுதான் சார்.”

“எங்கை காட்டி அமத்தினீர்?”

கோபால் பதில் சொல்வதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. பள்ளிக் கேண்டீன் வைத்திருந்த பாக்கியம் என்ற அம்மா தட்டில் தேநீர்க் கோப்பைகளோடு வந்துகொண்டிருந்தார். போலீஸ்காரருக்கு ஒன்றைக் கொடுத்து மலாயில் ஏதோ கேலி செய்தார்.

“அக்கா காலையிலயும் டீ கொண்டாந்தாங்க சார்,” என்றார் கோபால். சொற்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. “இன்னிக்கும் சீனி கம்மியா போட்டிருந்தா சுட்டுடுவேன்னு விளையாட்டுக்கு… அவங்களும் தட்ட கீழ வச்சுட்டு ரெண்டு கையையும் தூக்குனாங்க. சிரிச்சாங்க சார்.”

துரைசிங்கம் தோட்டாவை உள்ளங்கைக்குள் மூடினார்.

“என்னப்பா, கதவப் பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னு பிள்ளைங்க சொல்லுது,” என்றபடி பாக்கியம் உள்ளே வந்தார். “மழையில வந்திருக்கீங்க, மொதல்ல குடிங்க. கோபாலு, ஒனக்குச் சீனி அள்ளிப் போட்டிருக்கேன், சரியா?” துரைசிங்கத்திடம் கோப்பையை நீட்டினார். அவர் இடது கையால் வாங்கினார். “என்ன சார், இடது கையால வாங்குறீங்க? வலது கையில அடி கிடி பட்டிருச்சா?”

“இல்லை, பிள்ளை,” என்றார் துரைசிங்கம். நின்றபடியே அதை முழுவதும் குடித்தார். நானும் குடித்தேன்.

கோபால் தன் கோப்பையைத் தொடவில்லை. அவர் அந்த அம்மாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார்.